இருநூறு பச்சைக் கட்டங்கள்

ஒரு வாத்துக் குஞ்சின் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று முடிவு செய்ய எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. இடம் கூடினால் அசடு வழிகிறது. குறைந்தால் முறைக்கிறது. சரியான அளவில் வைத்துவிட்டால், பார்க்கிறவர் தன்னையறியாமல் உதட்டைக் குவிப்பார், கைக்குழந்தையைப் பார்த்தால் குவிக்கிற மாதிரி. அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் படத்தைக் காட்டி, யாருக்கு உதடு குவிகிறது, யாருக்குக் குவியவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். முப்பத்தாறு பேரில் முப்பத்து நான்கு பேருக்குக் குவிந்தது. மீதி இருவரில் ஒருவருக்குப் பல்வலி.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளில் அந்த வாத்தை 'அலங்காரப் படம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தவே இதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் செயலியில் உருப்படியாக வேலை செய்த ஒரே உறுப்பு அந்த வாத்துதான். மற்றதெல்லாம் வெறும் கடிகாரம்.

செயலி எளிமையானது. மாத்திரை வேளை வந்ததும் வாத்து திரையில் வந்து நிற்கும். பசியோடு நிற்கும். 'போட்டுக்கொண்டேன்' என்ற பட்டனைத் தொட்டால் சிறகடித்துக் குளத்தில் குதிக்கும், அன்றைய கட்டம் பச்சையாகும். 'இன்னும் இல்லை' என்ற பட்டனைத் தொட்டால் தலையைத் தொங்கப் போடும், கட்டம் வெள்ளையாகவே கிடக்கும். பச்சை எத்தனை, வெள்ளை எத்தனை என்று மருத்துவர் தம் கணினியில் பார்க்கலாம். வாத்தின் ஒவ்வொரு அசைவும், அதன் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லும் என் பொறுப்பு. உணர்வு வடிவமைப்பு என்று என் வேலைக்குப் பெயர். ஒருவர் ஒரு திரையை விட்டுப் போகும்போது வந்ததைவிட நன்றாக உணர வேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். இதில் தவறு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

'இன்னும் இல்லை' பட்டனை எடுத்தது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான். மேலிடத்து உத்தரவு ஏதும் இல்லை. அந்தப் பட்டனைத் தொட்டவர்களில் பாதிப்பேர் மூன்றே நாளில் செயலியையே அழித்துவிட்டார்கள். ஏன் என்று பதினைந்து பேரிடம் தொலைபேசியில் கேட்டேன். 'குற்ற உணர்ச்சியா இருக்கு' என்றார்கள். ஆக, மனிதரை வருத்தப்படுத்தும் ஒரு பட்டன் திரையில் இருக்கிறது. அதை வைத்திருப்பதா, எடுப்பதா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

நிரல் எழுதுகிறவரை நாங்கள் சோடாபுட்டி என்போம், அவருடைய மூக்குக்கண்ணாடியின் கனத்தால். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"எடுத்துட்டா, மாத்திரை போடாதவங்க எதை அமுக்குவாங்க?" என்று கேட்டார்.

"எதையும் அமுக்க வேணாம். வாத்து நின்னுட்டிருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க அமுக்கற வரைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டுல சாப்பிட வரவங்க பாடு திண்டாட்டம்தான். போதும்னு சொல்ல இடமே இருக்காது" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை. அந்த மாதம் பச்சைக் கட்டங்கள் நூற்றுக்கு அறுபத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு ஏறின. எங்கள் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து எனக்குக் கைதட்டச் சொன்னார்.

இனி என் அக்காவைப் பற்றி.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டு, 'இனி புயலடிச்சாலும் கலையாது, போ' என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். பகல் முழுக்கத் தையல் எந்திரம், எதிரே மலைபோலத் துணி. அவளுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது, எங்கள் செயலியை அவள் போனில் போட்டுக் கொடுத்தது நான். அப்போது பட்டனை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. அவள் கட்டங்களோ எல்லாம் பச்சை.

"என்னக்கா இது?"

"அட, அதுவா. அது நீர் மாத்திரைடி. போட்டுட்டு கடைக்குப் போனா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டு மாடி ஏறணும். அங்கதானே கக்கூஸு. முதலாளி வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான். கடிகாரத்தைப் பார்ப்பான். அதுக்கு நாலு வார்த்தை திட்டிட்டாக்கூடப் பரவாயில்ல."

"அப்புறம் ஏன் அமுக்கற?"

"குண்டுப்பயலை எப்படிடி பட்டினி போடறது? காலங்காத்தால பசிச்ச மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறான் பாரு. கல்யாணமாகி இருபது வருஷத்துல உங்க அத்தான் என்னை ஒரு நாள் அப்படிப் பார்த்திருப்பாரா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அதற்குச் சமமான பாராட்டை எங்கும் கேட்டதில்லை. இழுப்பறையை மூடினேன். கத்தரிக்கோல் சமையலறையில் இருந்தது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்பீர்கள். யாரிடம் சொல்வது? அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை, தான் மாத்திரை போடுவதில்லை என்பது அவளுக்கே தெரியும். மருத்துவரிடம் சொன்னால் அவளைக் கடிந்துகொள்வார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலத் தலைகுனிந்து உட்கார வேண்டும். மனிதர்கள் அப்படி உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மருத்துவரிடம் அவளோடு நான் போனேன். அத்தானுக்குச் சரக்கு ரயிலில் கார்டு வேலை, பத்து நாள் சேர்ந்தாற்போல வெளியூரில் இருப்பார். மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்தார், நூற்று எழுபது. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, ஒரு நாள் கூட விடல. என் வீட்டுல எங்கம்மா கூட இவ்வளவு ஒழுங்கா போடறதில்ல. ஆனா இறங்க மாட்டேங்குதே. சரி, இன்னொண்ணு சேர்க்கறேன்."

மேசைக்கு அடியில் அக்கா என் முழங்காலைக் கிள்ளினாள். வெளியே படி இறங்கும்போது, "ஏய், சொல்லிடலாமாடி? பாவம், அந்த மனுஷன் மண்டையை உடைச்சுக்கிட்டு என்னென்னவோ எழுதறாரு" என்றாள்.

"இப்போ சொன்னா திட்டுவாருக்கா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அடுத்த தடவையும் நூற்று எழுபது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். அவள் எதையும் விழுங்கவில்லை என்பதால் எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை. இழுப்பறையில் அட்டைகள் கூடின. வாத்து தினமும் குளத்தில் குதித்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர். அவர் கீழ்த்தளத்தில் பேசினால் மூன்றாவது மாடியில் ஜன்னலைச் சாத்துவார்கள். கையில் ஒரு துணிப்பை. என் மேசையில் அதைக் கவிழ்த்தார். பிரிக்காத மாத்திரை அட்டைகள் கீபோர்டு மேலெல்லாம் சரிந்தன.

"இந்தாங்க, உங்க பச்சைக் கட்டம். ஏழு வீட்டுல பொறுக்கினது."

"அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?" என்றேன்.

"பொய்யா? அந்த வாத்து மூஞ்சியைப் பார்க்க முடியாம அமுக்கிடறாங்கம்மா. ஒரு பெரியவர் என்கிட்ட கோவிச்சுக்கறாரு, 'அது பட்டினி கிடக்குது, நீ மாத்திரையைப் பத்தி பேசற'ன்னு. சிரிக்காதீங்க. டாக்டர் பச்சையைப் பார்த்துட்டு, மருந்து பத்தலன்னு டோஸை ஏத்திக்கிட்டே போறாரு. உள்ள போகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. என்னைக்காவது வீட்டுல யாராவது பாசமா உட்கார வச்சு அத்தனையும் ஒழுங்கா குடுத்தாங்கன்னு வைங்க, பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிடும். ஆளு எழுந்து நிக்க முடியாது. அப்படியே சாய்ஞ்சுடுவாங்க. டாக்டர்கிட்ட சொல்லாம தொடங்கவே கூடாது. புரியுதா?"

புரிந்தது. எழுதியும் வைத்துக்கொண்டேன், தேதி போட்டு. அவர் கொடுத்த புகார் மனுவுக்குப் பதில் எழுதியது நான்தான். கடிதம் எழுதுவதில் எனக்குச் சின்ன வயதிலேயே பெயர் உண்டு. வகுப்பில் பாதிப்பேருக்கு விடுமுறை விண்ணப்பம் நான்தான் எழுதுவேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நர்ஸம்மாவுக்கு எழுதியது பின்னிணைப்பில் இருக்கிறது. 'நோயாளிகள் மீது தாங்கள் கொண்ட பரிவு எங்களை நெகிழச் செய்தது' என்று தொடங்கும். படித்துப் பாருங்கள். அதில் எந்த வாக்குறுதியும் இல்லை, ஆனால் படித்து முடித்ததும் ஏதோ நடக்கப்போகிறது என்று நிம்மதியாக இருக்கும். புகார் முடிக்கப்பட்டது. முடித்த கையெழுத்து என்னுடையது.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு நான்காவது மாத்திரை சேர்ந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு எங்கள் முதலாளி ஒரு நாள் என் தோளைத் தட்டினார். ஒரு கட்டம்கூட விடாமல் அதிக நாள் பச்சை வைத்திருப்பவர் யார் என்று தேடினாராம்.

"உன் அக்காவாமே! கமுக்கமா இருந்திருக்கியே" என்றார். "இருநூறாவது நாள் அவங்களை மேடையில ஏத்தறோம். ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் வராங்க. அவங்க எதிரிலேயே பிரஷர் பார்த்துக் காட்டணும். வாயால சொன்னா யாரு நம்பறா?"

நூற்றுத் தொண்ணூறாவது நாள் அவர் இதைச் சொன்னார். என் கையில் பத்து நாள் இருந்தது. இருநூறு பச்சைக் கட்டங்களுக்குப் பக்கத்தில் நூற்று எழுபது என்ற எண் நின்றால், நர்ஸம்மா கொட்டிய அட்டைகளை அத்தனை பேரும் ஒரே நொடியில் பார்த்துவிடுவார்கள். என் அக்கா மேடையில் பொய்க்காரியாக நிற்பாள். செயலியை மூடிவிடுவார்கள், அதை வைத்திருக்கும் நாலாயிரம் பேருடைய குஞ்சு செத்துப்போகும். முதலாளியிடம் வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். வேறு ஆள் என்றால் மட்டும் எப்படி? அவர் வீட்டு இழுப்பறையில் என்ன இருக்கிறதோ.

ஆகவே பொய்யை நிஜமாக்குவது என்று முடிவு செய்தேன். இதைவிட நேர்மையான வழி உங்களுக்குத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.

அக்காவுக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிகாரம் பார்க்கும் முதலாளி மறுபேச்சுப் பேசாமல் ஒரு வாரம் கொடுத்தார். அத்தான் பயணத்தில் இருந்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்தாவது நாள் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனேன். கையோடு அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒரு நோட்டும் கொண்டுபோனேன்.

"என்னடி, மாமியார் மாதிரி வந்து இறங்கறே?" என்றாள் வாசலில்.

"ஒரு வாரம் உன்னைக் கவனிக்கப் போறேன். மாத்திரையெல்லாம் நானே குடுப்பேன்."

"மேடைக்காகவா?"

"உனக்காகவும்தான்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு யாரும் தண்ணீர் எடுத்து நீட்டியதில்லை. நான் டம்ளரை நீட்டும்போது அவள் முகம் சின்னப் பெண்ணுடையது போல ஆகும். நான்கு மாத்திரைகளையும் அவள் உள்ளங்கையில் வரிசையாக வைப்பேன். விழுங்குவாள். பட்டனைத் தொடுவாள். பிறகு நான் நோட்டில் எண்ணைக் குறிப்பேன்.

முதல் நாள் மாத்திரைக்கு முன் நூற்று எழுபத்திரண்டு. மறுநாள் நூற்று ஐம்பத்தொன்று. மூன்றாம் நாள் நூற்று முப்பத்து நான்கு. நான்காம் நாள் நூற்றுப் பத்தொன்பது. அதை அவள் போனில் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினாள். "பார்த்தியா, நீ வந்ததும் என் வியாதியே பயந்து ஓடுது" என்றாள். ஐந்தாம் நாள் நூற்றிரண்டு. அன்று மாலை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துணி உலர்த்தப் போனவள் பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் மீதியை உலர்த்தினேன்.

இருநூறாவது நாள் காலை எட்டு மணிக்கு எண்பத்தெட்டு. நிகழ்ச்சி பதினொரு மணிக்கு.

"ஏய், எழுந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருதுடி. காதுல ஏதோ கொய்யுங்குது. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடட்டுமா?" என்றாள். போனை எடுத்தாள். வாத்து வந்து நின்றிருந்தது. திரையின் மூலை மூலையாக விரலால் தடவிப் பார்த்தாள். "தலை சுத்துதுன்னு இதுல எங்கயாவது சொல்லலாமா? நீதானே பண்ணினே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

சொல்ல இடம் இல்லை. உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

உங்கள் ஒன்பதாவது கேள்வி இங்கேதான் வருகிறது. வழக்கம்போல மாத்திரை போடாமலே பட்டனைத் தொட்டிருக்கலாமே, அன்று மட்டும் ஏன் விழுங்க வைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஓர் அரசாங்க அதிகாரி இப்படிக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. பொய் சொல்லச் சொல்கிறீர்களா? ஐந்து நாள் பச்சை உண்மையான பச்சை. ஆறாவது நாளை நான் கெடுப்பதா? மருத்துவர் எழுதிய மாத்திரை, எழுதிய அளவு, எழுதிய நேரம். அதை ஒரு தங்கை கொடுத்தாள். இதில் எந்த வரி குற்றம் என்று கோடிட்டுக் காட்டுங்கள்.

நர்ஸம்மா சொன்னது மறந்துவிட்டது என்று நான் சொன்னால் உங்கள் வேலை சுலபமாக முடியும். மறக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், சொன்ன குரலோடு, ஆறு நாளும் காலை எட்டு மணிக்கு என் காதில் விழுந்தது. மருத்துவரைக் கூப்பிட எனக்கு ஆறு காலை இருந்தது. அவர் எண் என் போனில் முதல் வரிசையில் இருக்கிறது. கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'இவ்வளவு நாளா போடலையா?' என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியின் எதிரில் என் அக்காவை நிறுத்த எனக்கு மனமில்லை. என்னையும்தான்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. பிரஷர் நல்லா இறங்கியிருக்கு. அதான் அப்படி இருக்கு" என்றேன். நான்கு மாத்திரைகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். டம்ளரை நீட்டினேன்.

ஒன்பதரைக்கு, குளிக்கலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தாள். நான் அடுத்த அறையில் அவளுடைய உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறைப் படியில் தலை மோதிய சத்தம் கேட்டது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போனேன். நான் எதையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவள் கிடையாது. ஆம்புலன்ஸுக்கு ஒன்பது முப்பத்து மூன்றுக்கு அழைத்தேன். வழியிலேயே போய்விட்டாள். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒரு நாள் கூட விடவில்லை என்று போனைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள்.

அத்தான் மறுநாள் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில நீயாவது கூட இருந்தியேம்மா" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நர்ஸம்மா விடவில்லை. அக்கா வீட்டுக்கும் போய், இழுப்பறையில் இருந்த அட்டைகளை அவர்தான் எண்ணியிருக்கிறார். அதனால் உங்கள் கேள்வித்தாள் என்னிடம் வந்திருக்கிறது. அதன் முகப்பில் 'வடிவமைப்புப் பிழை மற்றும் கவனக்குறைவு' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பில் நான் கையெழுத்திட மாட்டேன். பிழை ஏதும் இல்லை, நான் நினைத்தது அப்படியே நடந்தது. கவனக்குறைவும் இல்லை. பதினொரு நாள் உட்கார்ந்து ஒரு கண்ணுக்கு இடம் பார்க்கிறவளைக் கவனக்குறைவானவள் என்று எழுதக் கூடாது. விழுந்தால் விழுவாள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அதைத் தெரிந்து கொடுத்ததாகவே எழுதுங்கள். வேறு தலைப்புப் போட்டு அனுப்பினால், எந்தத் தலைப்பானாலும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுத் தருகிறேன். மறுபடி இந்த வேலையைக் கொடுத்தாலும் அந்தப் பட்டனை எடுப்பேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் தாளில் கேட்கப்படவில்லை. நானே சொல்கிறேன். அன்று காலை மாத்திரைகளை விழுங்கிப் பட்டனைத் தொட்டதும் என் அக்கா சிரித்தாள். முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் நன்றாக, வாய் நிறையச் சிரித்தாள். போன் அவள் கையில்தான் இருந்தது, வாத்து அப்போதுதான் குளத்தில் குதித்துக்கொண்டிருந்தது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். அவள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.